நீமன்-பிக் சி: பழுதான மரபணுவைப் பிடித்தது எப்படி? கேள்வி பதில்

கே: நீமன்-பிக் சி என்றால் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடுவதா சார்?

ப: இல்லை. ரத்தத்தில் அளவு சரியாகவே இருக்கலாம். செல்லுக்குள் வந்த கொலஸ்ட்ரால் லைசோசோம் என்ற பையை விட்டு வெளியேற வழியில்லாமல் தேங்கிவிடுகிறது. கல்லீரலும் மண்ணீரலும் வீங்கும், மூளை நரம்புகள் மெல்லப் பாழாகும்.

கே: எந்த மரபணு என்றே தெரியாதபோது, எந்தக் குரோமோசோம் என்று மட்டும் எப்படிச் சொன்னார்கள்?

ப: குடும்பங்களை வைத்துத்தான். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் குழந்தைக்கு நோய். டிஎன்ஏவில் ஆளுக்கு ஆள் மாறுபடும் இடங்களை அடையாளமாக வைத்துக்கொள்வார்கள். நோயுள்ள அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே அடையாளம், நோயில்லாத தம்பிக்கு வேறு. ஒரு வீட்டில் இப்படி என்றால் தற்செயலாக இருக்கலாம். வீடு வீடாக அதே கதை என்றால், மரபணு அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான். 1993-இல் 18-ஆம் குரோமோசோம் என்று தெரிந்தது இப்படித்தான். எலிகளில் கிடைத்த துப்பும் உதவியது. அங்கிருந்து என்பிசி1 மரபணுவைக் கையில் பிடிக்க 1997 ஆகிவிட்டது.

கே: எல்லா நோயாளிகளுக்கும் அதே மரபணுவா?

ப: சுமார் 95 சதவீதம் பேருக்கு. இரண்டாவது மரபணு ஒன்று உண்டு என்பது முன்பே தெரிந்திருந்தது, அதுவும் அழகான சோதனையால். இரு நோயாளிகளின் தோல் செல்களை ஒட்டவைத்து ஒரே செல்லாக்குவார்கள். கொலஸ்ட்ராலோடு ஒட்டும் ஃபிலிப்பின் சாயமிட்டுப் பார்த்தால் நோயுள்ள செல்லில் உட்கருவைச் சுற்றி நீலப் புள்ளிகள் மொய்த்திருக்கும். ஒட்டிய செல்லில் அவை மறைந்தால், ஒருவரிடம் இல்லாததை மற்றவர் தருகிறார், அதாவது இருவருக்கும் கெட்டது வேறு வேறு மரபணு. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த சோதனை இது. அந்த இரண்டாவது மரபணு 2000-இல் 14-ஆம் குரோமோசோமில் சிக்கியது.

கே: நீமன்-பிக் டைப் டி என்று ஒன்று படித்தேனே?

ப: கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் அக்கேடிய வம்சத்தாரிடம், அதாவது அங்கே குடியேறிய பிரெஞ்சுக்காரர்களின் வழிவந்தவர்களிடம், கண்டது. தனி நோய் என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் அதுவும் என்பிசி1-தான். டி என்ற எழுத்து பழைய புத்தகங்களில் மிச்சமிருக்கிறது, அவ்வளவுதான்.

கே: அக்கா மகனுக்கு இந்த நோய். எனக்கும் அந்தப் பழுது இருக்குமா?

ப: பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒரு பிரதி மட்டும் பழுதானால் உங்களுக்கு நோய் வராது. பரிசோதனைக்குப் போகும்போது பையனின் மரபணு அறிக்கையை எடுத்துச் செல்லுங்கள். அதில் இரண்டு மாற்றங்கள் இருக்கும். அக்கா வழியாக வந்தது எதுவோ, அதை மட்டும் உங்களிடம் தேடினால் போதும்.