நீடித்த விவசாயத்தால் என்ன நன்மை? ஒருவர் செய்வது அதுதானா என்று எப்படி மதிப்பிடுவது?

சென்னைக்கு வடக்கே பொன்னேரி பக்கம் தாத்தா வழியில் வந்த 2 ஏக்கர் இருக்கிறது, குத்தகைக்குக் கேட்பவர் "ரசாயனமே போட மாட்டேன், நீடித்த விவசாயம்தான்" என்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மாதவரம், சித்தப்பா மீஞ்சூர் தாண்டி இன்னும் நெல் போடுகிறார். அதனால் நம் பக்கத்து நிலவரத்தை வைத்தே சொல்கிறேன்.

ரசாயனம் போடாததும் நீடித்த விவசாயமும் ஒன்றில்லை. மண்ணும் தண்ணீரும் கெடாமல் வருஷக்கணக்கில் தொடரக்கூடியதுதான் நீடித்த விவசாயம். யூரியாவைத் தொடாமல், ஆனால் ராப்பகலாக போர்வெல் மோட்டார் ஓட்டி சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகமும் நெல்லே எடுப்பவர் இயற்கை விவசாயி என்று சொல்லிக்கொள்ளலாம், சான்றிதழ்கூட வாங்கலாம், ஆனால் அந்த நிலம் நீடிக்காது. பட்டணத்துக்கும் ஆலைகளுக்கும் விவசாயத்துக்கும் என்று பல வருஷம் உறிஞ்சியதில் மீஞ்சூர் சுற்று வட்டாரத்தில் கடல்நீர் நிலத்துக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. (2010-இல் அதே பக்கம் காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை வந்தது. காலடியில் இருந்த நல்ல தண்ணீரைத் தொலைத்துவிட்டு, கரண்ட் செலவு செய்து கடலில் எடுக்கிறோம்.)

ஆகவே முதலில் தண்ணீரைப் பாருங்கள். போர் தண்ணீரைக் கோடையில் ஒரு முறை, மழை முடிந்து தை மாதம் ஒரு முறை பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்பின் அளவைக் காட்டும் ஈ.சி. (மின் கடத்துதிறன்) என்ற எண் அறிக்கையில் இருக்கும், அது ஒரு மீட்டருக்கு 2 டெசிசீமன்ஸ் என்ற அளவைத் தாண்டினால் நெல் மகசூல் அடிவாங்க ஆரம்பிக்கும். கிணற்றில் நீர்மட்டம் எவ்வளவு என்று வருஷா வருஷம் ஒரே மாதத்தில் குறித்து வையுங்கள். வரப்போரம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்பதை நடந்து போகும்போதே பார்த்துவிடலாம். கேட்பவரிடம் "நவரைக்கு என்ன போடுவீர்கள்?" என்று ஒரு கேள்வி போடுங்கள். உளுந்து, எள், வேர்க்கடலை என்று நெல்லைவிடத் தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிராகப் பதில் வந்தால் ஆள் யோசிக்கிறவர். நெல்லுக்கும் எப்போதும் தண்ணீர் கட்டி வைக்கத் தேவையில்லை. திருந்திய நெல் சாகுபடி என்ற முறையில் ஏக்கருக்கு 2, 3 கிலோ விதைதான், 25 செ.மீ. இடைவெளியில் இளநாற்று, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர். நீர் நிற்காத நாட்களில் வயலில் இருந்து பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வருவதும் குறையும், அது உபரி லாபம்.

அப்புறம் மண். காய்ந்த வயலில் சின்ன மண்கட்டி ஒன்றை எடுத்து, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக விடுங்கள். நல்ல மண் குமிழி விட்டபடி உடையாமல் கிடக்கும், தண்ணீரும் தெளிவாக இருக்கும். சத்து செத்த மண்ணோ சோடியம் ஏறிய களர் மண்ணோ கொஞ்ச நேரத்தில் பொலபொலவென்று உதிர்ந்து டம்ளரையே கலக்கிவிடும். இது கண்பார்வைக்கு, கணக்குக்கு மண் பரிசோதனை அறிக்கையில் அங்ககக் கரிமம் (மக்கிய இலைதழையால் மண்ணில் சேரும் கரிமம்) பாருங்கள், 0.5 சதவீதத்துக்குக் கீழ் என்றால் குறைவு, 0.75-க்கு மேல் என்றால் நன்று. பசுந்தாள் உரத்துக்கென்றே போடும் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து, பூக்கும் சமயம் மடக்கி உழுதால் இது மெல்லத்தான் ஏறும், ஒரே வருஷத்தில் எதிர்பார்க்காதீர்கள். ஏறினால் உரச் செலவு குறையும், மழை இல்லாத இரண்டு வாரத்தையும் பயிர் தாங்கும். நன்மை என்று நான் நம்புவது முக்கியமாக இதைத்தான்.

பணக் கணக்கில் யாரும் உங்களை ஏமாற்ற விடாதீர்கள். உரம் மிச்சம், ஆனால் களை எடுக்க ஆள் கூலி ஏறும், ரசாயனத்தை நிறுத்திய முதல் சில போகம் மகசூல் குறையும். இலங்கையில் 2021-இல் ரசாயன உரத்தை ஒரே அடியாகத் தடை செய்து, அதே வருஷம் நவம்பரில் பின்வாங்கினார்கள். படிப்படியாகப் போகிறவரை நம்புங்கள். நீடித்த விவசாயமா என்று மதிப்பிட ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 11 அளவுகோல் வைத்திருக்கிறது: மகசூல், லாபம், மண், தண்ணீர், பூச்சிமருந்து, கூலியாள் நிலை, நில உரிமை என்று போகும். சராசரி போடுவதில்லை, எதில் மோசமோ அதை வைத்துத்தான் முடிவு. லாபத்தையும் 3 வருஷம் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. மண் அருமையாக இருந்து கிணறு உப்பாகப் போனால் பாதி மார்க் கொடுத்து என்ன பிரயோசனம்?

அங்ககச் (ஆர்கானிக்) சான்று கேட்கலாம், தப்பில்லை. ஆனால் அது முக்கியமாகச் சாகுபடி முறைக்குத் தரும் சான்று, உங்கள் கிணற்று மட்டம் அதில் வராது.

அந்த அளவுகோலில் நில உரிமை ஏன் வருகிறது என்றால், ஒரு வருஷக் குத்தகைக்கு விட்டுவிட்டு மண்ணைக் காப்பாற்று என்றால் யாரும் காப்பாற்ற மாட்டார்கள். அடுத்தவன் அறுக்கப்போகும் பயிருக்கு அவர் ஏன் தக்கைப்பூண்டு போட வேண்டும்? குறைந்தது 4, 5 வருஷம் கொடுங்கள். தண்ணீர், மண் அறிக்கை இரண்டையும் ஒப்பந்தத்தோடு இணையுங்கள். டேங்கர் லாரிக்குத் தண்ணீர் விற்கக் கூடாது என்றும் தனியாக எழுதுங்கள். 1955-ஆம் வருஷத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது, கையெழுத்துப் போடும் முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.