ஜோசப்பின் பசி

அன்புள்ள ஐயா,

எர்ன்ஸ்ட் லூபிட்ச் இயக்கிய ‘சிப்பி இளவரசி’ என்ற ஜெர்மானிய மௌனப்படத்தை (1919) நீங்கள் சொல்லித்தான் பார்த்தேன். சிரித்தேன், ஆனால் ஓர் உறுத்தலும் இருந்தது. பணக்காரர்களைக் கேலி செய்யும் படம் என்கிறார்கள். எனக்கோ மாளிகை, விருந்து, வரிசையாக நிற்கும் வேலைக்காரர்கள் என எல்லாவற்றையும் ரசித்து ரசித்துக் காட்டுவதாகவே பட்டது. வேலைக்காரர்கள் மேசை நாற்காலி போல நிற்கிறார்கள். இதில் வர்க்க விமர்சனம் எங்கே இருக்கிறது? லூபிட்சின் மௌனப்படங்களில் அடுத்து எதைப் பார்க்கலாம்?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் உறுத்தலில் ஒரு பகுதி முழுக்க நியாயம். முதல் காட்சியில் சிப்பி வியாபாரக் கோடீஸ்வரர் குவேக்கர் கடிதம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் புகைக்கும் சுருட்டைக்கூட வேறொருவர்தான் பிடித்திருக்கிறார். சுற்றி நிற்கும் அந்த ஏவலாளர்கள் கறுப்பினத்தவர்கள். முதலாளியை நையாண்டி செய்ய அவர்களைப் பண்டமாக்குகிறது படம். அந்தக் காலம் அப்படி என்று சொல்லி இதைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

விருந்து விஷயம் வேறு. அதை யார் பார்த்தார்கள் என்று யோசியுங்கள். படம் வெளியானது 1919 ஜூனில். ஜெர்மானியப் பேரரசர் கைசர் முடிதுறந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. 1916-17 குளிர்காலத்தில் உருளைக்கிழங்கு பொய்த்து, மாட்டுத்தீவனமான டர்னிப் கிழங்கைத் தின்று உயிர்பிழைத்த ஜனங்கள் அவர்கள். 1918 நவம்பரில் முதல் உலகப் போர் நின்றும் நேச நாடுகளின் கடல் முற்றுகை உடனே விலகவில்லை. முழுதாக நீங்கியது 1919 ஜூலையில். அரைவயிற்றுக்காரர்கள் நிறைந்த அரங்கில்தான் அந்தத் திருமண விருந்து திரையில் விரிந்தது. தட்டுகள் வரிசையாக வருவதை அவர்கள் எந்தக் கண்ணோடு பார்த்திருப்பார்கள்!

அந்தப் பந்தியில் யார் உட்கார்ந்து சாப்பிடுகிறான்? ஜோசப். இளவரசன் நூக்கியின் வேலையாள். ஷூ பாலிஷ் வியாபாரியின் மகளுக்குப் பிரபு ஒருவன் கணவனாகக் கிடைத்துவிட்டான் என்று குவேக்கரின் மகள் ஒஸ்ஸி வீட்டை உடைக்கிறாள். அப்பா அவளுக்கு ஓர் இளவரசனையே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வாங்கப்படும் இளவரசனோ ஓட்டாண்டி. பெண் பார்த்துவர அவன் ஜோசப்பை அனுப்ப, ஜோசப்பையே இளவரசன் என்று நினைத்து ஒஸ்ஸி கையோடு கல்யாணம் செய்துகொள்கிறாள். சில வாரங்கள் கழித்து, ஆகஸ்டில், ஜெர்மனியின் புதிய குடியரசுக்கான வைமர் அரசியல் சட்டம் பிரபுப் பட்டங்களை வெறும் பெயரின் பகுதியாக்கியது. படம் அதற்கு முன்பே பட்டத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதை ஒரு வேலையாள் போட்டுக்கொண்டு போனாலும் யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. விமர்சனம் எங்கே என்று கேட்டீர்களே, என் பதில் இதுதான். ஜோசப் அள்ளி அள்ளித் தின்னும்போது அவன் அந்த அரங்கத்தின் பிரதிநிதி.

ஜோசப்பைக் காக்கவைக்கும் காட்சியை மறுபடி பாருங்கள். உள்ளே ஒஸ்ஸியைப் பணிப்பெண்கள் குளிப்பாட்டி அலங்கரிக்கிறார்கள். வெளியே பிரம்மாண்டமான கூடத்தில் இவன் மட்டும். எவ்வளவு நேரம்தான் நிற்பான்? தரையில் இழைத்திருக்கும் சிக்கலான கோலங்களின் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பிக்கிறான். எவர் வீட்டு முற்றத்திலாவது, எந்த அலுவலகத்திலாவது, ‘ஐயா வருவார், இரு’ என்று சொல்லப்பட்டு நின்றவர்களுக்கு அந்தக் கால்கள் புரியும். லூபிட்ச் இறந்த ஆண்டான 1947இல் எழுதிய ஒரு கடிதத்தில், தனக்கென ஒரு பாணி தெரிந்த முதல் நகைச்சுவை இந்தப் படம் என்று சொல்லி, இந்தக் காட்சியை நினைவுகூர்ந்தார். காத்திருப்பவனின் பொறுமையின்மையோடு அவனுடைய அவமானத்தையும் குறிப்பிட்டார். பெர்லின் தையற்காரர் ஒருவரின் மகன் அவர். பெரிய வீடுகளின் கூடத்தை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வேலைக்காரர்கள் மேசை நாற்காலி போல நிற்கிறார்கள் என்கிறீர்கள். ஆமாம், விருந்தில் ஃபாக்ஸ்ட்ராட் என்ற ஜோடி நடனம் தொடங்கும்வரை. நடனம் தொற்றுநோயாகப் பரவுகிறது என்று எழுத்தட்டை (மௌனப்படத்தில் காட்சிகளுக்கிடையே வரும் எழுத்து) வருகிறது. கூடத்திலிருந்து படிக்கட்டுக்கு, படிக்கட்டிலிருந்து சமையலறைக்கு. அதுவரை அசையாமல் நின்றவர்களுக்கெல்லாம் இடுப்பு வந்துவிடுகிறது. போர்க்காலத்தில் பொது நடனம் தடைசெய்யப்பட்டிருந்த நாடு அது. எனக்கு இது படத்தின் உச்சம்.

படத்தின் முடிவைப் பொறுத்தவரை உங்கள் பக்கம்தான் நான். நூக்கியின் பெயரில் நடந்த கல்யாணம் என்பதால் மனைவி நூக்கிக்கே. அந்த உண்மையைச் சொல்லி ஒஸ்ஸியையும் நூக்கியையும் சேர்த்துவைப்பவன் ஜோசப். அதன்பிறகு படத்துக்கு அவன் தேவைப்படவில்லை. இது குறைதான்.

அடுத்து ‘லேடி விண்டர்மியரின் விசிறி’ (1925) பாருங்கள். ஆஸ்கர் வைல்டின் நாடகம், ஆனால் அவருடைய புகழ்பெற்ற வசனங்களை எழுத்தட்டைகளில் போடாமல் எடுத்தார் லூபிட்ச். உயர்குடிச் சமூகம் ஒதுக்கிய ஒரு பெண் அதற்குள் திரும்பி வர முயல்கிறாள். அதில் வரும் குதிரைப் பந்தயக் காட்சியில் யார் யாரைத் தொலைநோக்கியால் பார்க்கிறார்கள் என்று மட்டும் கவனித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்