ஒரே படலை உள்ள வயிறு: வாசகர் கேள்வி-பதில்

சொறிமுட்டை (ஜெல்லிமீன்), அதன் உறவினரான கடற்சாமந்தி, ஐதரா, முருகை (பவளம்) பற்றி வந்த கேள்விகளில் வயிற்றைப் பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

சொறிக்குக் குருதியே இல்லை. பிறகு அதன் சமிபாட்டுக் குழி கலன்தொகுதியின் (குருதிக் குழாய்களின்) வேலையையும் செய்கிறது என்று ஏன் படிக்கிறோம்? (உயர்தர மாணவி, பருத்தித்துறை)

குருதி இல்லாததால்தான் அந்த வேலையும் குழியின் தலையில் விழுகிறது. நிலாச்சொறியையே பாருங்கள். வாயால் போன இரை நடு வயிற்றின் நான்கு பைகளுக்குள் போகும். அங்குள்ள மெல்லிய இழைகளில் கொட்டும் கலங்கள் உண்டு. உயிரோடு வந்த இரையும் அடங்கிவிடும். சுரப்புக் கலங்களின் நொதியம் அதைக் கூழாக்கும். மிச்சத்தைச் சுவரிலுள்ள கலங்கள் துணிக்கை துணிக்கையாக விழுங்கித் தமக்குள்ளேயே சமிக்கச் செய்கின்றன. விடைத்தாளில் பலரும் முதற் கட்டத்தோடு நிறுத்திவிடுகிறீர்கள், பிள்ளைகள்!

வயிற்றிலிருந்து குடையின் விளிம்புவரை கால்வாய்கள் ஓடுகின்றன. விளிம்பைச் சுற்றி ஒரு வளையக் கால்வாய். கிளைக்காத கால்வாய்களால் நீர் வெளியே போகும், கிளைத்தவற்றால் திரும்பி வரும். ஓட்டுவது இதயம் அல்ல, பிசிர்கள் எனும், கலங்களின் மேல் அசையும் நுண்மயிர்கள். உணவு போகும் வழியும் அதுதான், கழிவு திரும்பும் வழியும் அதுதான். வளவுக்கு ஒரே படலை என்பதுபோல, கடைசியில் எல்லாம் வாயாலேயே வெளியேற வேண்டும்.

வலையில் வந்த சொறியின் நடுவில் நான்கு வளையம் தெரிந்தது. கண்களா? (குருநகர்)

இல்லை, இனப்பெருக்க அங்கங்கள். நீங்கள் பார்த்தது நிலாச்சொறியாகத்தான் இருக்கும். அவை வயிற்றுப் பைகளின் தரையிலேயே இருப்பதால் ஆணின் விந்தும் வாய் வழியாகத்தான் கடலுக்குள் வரும்.

எலும்பில்லாத கடற்சாமந்தி எப்படி நிமிர்ந்து நிற்கிறது? தொட்டதும் ஏன் சட்டென்று சுருங்குகிறது? (கீரிமலை)

வாயை மூடிக்கொண்டால் குழிக்குள் அடைபட்ட நீரே அதற்கு எலும்பு. தசைகள் அந்த நீரைத்தான் அழுத்துகின்றன. தொட்டதும் வாயைத் திறந்து நீரைக் கக்கிவிடும். திரும்ப நிரப்புவதற்குத் தொண்டையின் ஓரத்தில் பிசிர்கள் நிறைந்த ஒரு பள்ளம் இருக்கிறது. அது மெல்ல மெல்லத்தான் நீரை உள்ளே தள்ளும். அதனால் சுருங்குவது கணத்தில் முடியும், விரிவதற்கு நேரம் எடுக்கும்.

நன்னீரில் வாழும் சிறு ஐதராவை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டினாலும் சாகாதாமே?

உண்மைதான். 1740களில் ஒல்லாந்தில் ஆபிரகாம் திரெம்பிளே செய்து காட்டினார், அதுவும் ஒரு பன்றிமயிரை வைத்துக்கொண்டு! வயிற்றுச் சுவரே தோலாகிவிட்டது என்று அவர் எண்ணினார். உண்மையில் இடம் மாறிய கலங்கள் தத்தம் பக்கத்துக்கு ஊர்ந்து திரும்பிவிடுகின்றன என்பது பின்னாளில் தெரிந்தது.

நெடுந்தீவு வேலிக் கற்களில் பூப்போன்ற துளைகள் இருக்கின்றனவே, அவை என்ன?

அவை முருகைக்கற்கள். முருகைக்கல்லில் ஒவ்வொரு துளையும் ஓர் உயிர் குந்தியிருந்த கிண்ணம். உள்ளே தெரியும் கதிர்போன்ற தகடுகளுக்கு இடையில்தான் அதன் வயிற்றின் மடிப்புகள் இருந்தன. அயலில் இருப்பவற்றின் வயிறுகள் நுண்கால்வாய்களால் தொடுக்கப்பட்டிருக்கும்; ஒன்று பிடித்த இரையில் அடுத்ததற்கும் பங்கு உண்டு.

எனக்குப் பெரிய அதிசயம் வேறு. வாயால் உள்ளே வந்த நுண் அல்காக்களை (பாசிகளை) வயிற்றுச் சுவரின் கலங்கள் விழுங்கும், ஆனால் சமிக்கச் செய்யாமல் தமக்குள் குடிவைத்துக்கொள்ளும். அவை ஒளித்தொகுப்பில் ஆக்கும் உணவுதான் முருகைக்குப் பெரும் வருமானம். கடல்நீர் மிதமிஞ்சிச் சூடேறினால் அந்த உறவு முறிந்து அல்காக்கள் வெளியேறிவிடும். முருகைகள் வெளிறிப்போவது அப்படித்தான்.

கொட்டாத, உடலில் வானவில் நிறம் ஓடும் சிறு சொறிகளுக்கும் இதே வயிறா? (மண்டைதீவு)

அவை சீப்புச்சொறிகள், வேறு கணம், அதாவது விலங்குகளின் வேறொரு பெரும் பிரிவு. நிறம் பிசிர்த் தகடுகளில் ஒளி சிதறுவதால் வருவது. அவற்றின் குழிக்கு வாய்க்கு எதிர்ப்பக்கத்தில் கழிவுத் துளைகளும் உண்டு. அவற்றுள் ஓர் இனத்தில் அந்தத் துளை கழிவு போகும் நேரத்தில் மட்டும் தோன்றி, போனதும் தடமின்றி மறைந்துவிடுகிறது என்று 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது.