தரம் 7க்கு நீர்ச் சேமிப்புப் பாடம்: சுவரொட்டி காத்திருக்கட்டும்

வணக்கம் டீச்சர். திருகோணமலைக் கரையோர நிலாவெளியில் தரம் 7, கையில் மூன்று பாடவேளை, பிள்ளைகளோ சுவரொட்டி வரைந்ததோடு எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சுவரொட்டியைக் கடைசிக்குத் தள்ளுங்கள், வரையாவிட்டாலும் குடிமுழுகாது.

முதலில் பள்ளிக் கிணற்று நீரையும் மழைநீரையும் ஒரே அளவில் இரண்டு கறுப்புத் தட்டுகளில் ஊற்றி வெயிலில் வையுங்கள். நீர் வற்றியதும் கிணற்றுத் தட்டில் தெரியும் வெள்ளைப் படிவுதான் பாடம். கரையோர மணலுக்கடியில் நன்னீர், கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. மோட்டாரால் அளவுமீறி இறைத்தால் உப்பு மேலேறும். எந்த மாதத்தில் கிணறு உவர்க்கிறது என்று அம்மம்மாவிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். பாடநூலில் இல்லாத பதில்கள் வரும்.

அடுத்தது கணக்கு. ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1 லீற்றர். 60 சதுர மீற்றரில் 20 மில்லிமீற்றர் பெய்தால் 1200 லீற்றர்! (சிந்துவதைக் கழிக்க வேண்டும்.) திருகோணமலையில் கார்த்திகை மழைக்காலத்தில் இதை வைத்தால் அளந்தே பார்க்கலாம்.

மூன்றாவதற்கு ஒழுகும் குழாய் போதும். அது இல்லாத பள்ளிக்கூடத்தை நான் கண்டதில்லை. 10 நிமிடம் போத்தலில் பிடித்து 144ஆல் பெருக்கினால் ஒரு நாள் இழப்பு. அந்த எண்ணைக் குழாயடியில் பிள்ளைகளே எழுதி ஒட்டட்டும்.