கொடுவா வாய் பிளந்தால் செவுளைப் பாருங்கள்

திருகோணமலைக் கொட்டியாரக்குடாவில் வலைக்கூட்டில் வளர்க்கும் கொடுவா மீன் இரை எடுக்காமல் மேலே வந்து வாய் பிளக்கிறது, வலையில் உரசுகிறது என்று எழுதியிருந்தீர்கள். தீனியை மாற்ற முதல் செவுளைப் பாருங்கள். சாகக் கிடக்கும் ஒன்றின் செவுளில் சிறு துண்டு வெட்டி, கடல்நீர்த் துளியில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால், செவுளில் ஒட்டி வாழும் தட்டைப்புழு இருந்தால் கொக்கியால் பிடித்தபடி நெளியும். புழு மிஞ்சினால் செவுளில் சளி தடித்து ஒட்சிசன் உள்ளே இறங்காது, மூச்சுத்திணறல் அதனால்தான்.

புழுவென்றால் நன்னீர்க் குளிப்பு: குளோரின் இல்லாத நீர், காற்றூட்டியபடி 5–10 நிமிடம். முதலில் நாலைந்து மீனில் மட்டும்; சரிந்தால் உடனே எடுங்கள். கொடுவா நன்னீரைத் தாங்கும், புழு தாங்காது. ஆனால் புழுவின் முட்டை தப்பிவிடும், இழையால் வலையில் சிக்கியிருக்கும். பழைய வலைக்கே திரும்ப விட்டால் அவ்வளவு பாடும் வீண். வலையை மாற்றி, பழையதை வெயிலில் மொறுமொறுவெனக் காயவிடுங்கள். ஒரு கிழமையில் மறுபடி குளிப்பாட்டுங்கள்.