மீன் சுழன்று சாகிறது: பூச்சிமருந்தா, புண்ணாக்கா?

கேள்வி: பக்கத்து வயலில் மருந்து அடித்த மறுநாள் நல்ல மழை. அடுத்த நாள் மதியம் என் மீன்குளத்தில் குஞ்சுகள் செத்து மிதந்தன. பெரிய ரோகு, கட்லா சில சுற்றிச் சுற்றி நீந்துகின்றன. பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கும் கொஞ்ச நாளாகப் போடுகிறேன். எது காரணம்? மிச்ச மீனை விற்கலாமா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மருந்துதான். புண்ணாக்கு இப்படி ஒரே நாளில் கொல்லாது. ஆக்சிஜன் குறைவாக இருந்தால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். பெரும்பாலும் பெரிய மீன்தான் முதலில் போகும். உங்களுக்கு நடந்திருப்பது நேர்மாறு. எதற்கும் ஒரு கண்ணாடி டம்ளரில் குளத்து நீரை மொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துள்ளித் திரியும் பொடி உயிர்கள் ஒன்றுமே இல்லை, நீர்ப்பூச்சிகளும் செத்துக் கிடக்கின்றன என்றால் சந்தேகமே வேண்டாம்.

குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் நரம்பையும் தசையையும் கட்டுக்குள் வைக்கும் கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்கிவிடும். மீன் சுழல்வதும், சிலவற்றுக்கு முதுகு வளைவதும் அதனால்தான். சைபர்மெத்ரின் வகை இன்னும் பொல்லாதது. மனிதருக்கு அவ்வளவு ஆபத்தில்லை என்று தாராளமாக அடிப்பார்கள். மீனுக்கோ லிட்டருக்குச் சில மைக்ரோகிராமே எமன்.

முதலில் வயல் நீர் வரும் மடையை அடைத்துவிடுங்கள். தீனியை நிறுத்துங்கள். நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஓடட்டும். நல்ல தண்ணீர் கைவசம் இருந்தால் பாதியை மாற்றலாம், ஆனால் வடிக்கும் நீர் அடுத்தவர் குளத்துக்குப் போகக் கூடாது. சுண்ணாம்பைக் கொட்டச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள். காரத்தன்மை ஏறினால் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் நஞ்சும் கூடும். கண்ணாடி பாட்டிலில் குளத்து நீரையும், சாகும் தறுவாயில் உள்ள மீனை ஐஸிலும் வைத்து அன்றைக்கே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அழுகிய மீனை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

முடிவு வரும்வரை விற்கவும் வேண்டாம், வீட்டில் சமைக்கவும் வேண்டாம்.

இனி புண்ணாக்கு. அந்தப் பூசணத்தில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்க வாய்ப்பு அதிகம். அது மெதுவாகக் கல்லீரலைக் கெடுக்கும். செவுள் வெளுக்கும், எடை ஏறாது. உடம்பில் சேரும் மருந்தை முறிப்பதும் கல்லீரல்தான் என்பதால், இதைத் தின்ற மீன் மருந்தையும் தாங்காது. பூசணத்தைத் தட்டிவிட்டாலும் வேகவைத்தாலும் நஞ்சு போகாது. வீணாகிறதே என்று மாட்டுக்கும் வைத்துவிடாதீர்கள், பாலில் இறங்கிவிடும்.