எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் மாதத் தவணை முதலீடு) தொடங்கி இரண்டு வருஷம் ஆச்சு, மொத்தமா எடுத்தால் 12.5% வரிதானா?

இல்லை. உங்கள் வீடு தமிழ்நாட்டுக் கம்பத்தில், ஏலக்காய்க் கடை கேரளாவின் குமுளியில் என்பதால் வரி மாறாது; வருமான வரி எங்கும் ஒன்றுதான். பார்க்க வேண்டியது தேதி. பங்குச் சந்தை ஃபண்டில் ஒவ்வொரு தவணையும் தனி முதலீடு. கடைசி 12 தவணைக்கு இன்னும் ஒரு வருஷம் தாண்டவில்லை. அந்தத் தவணைகளின் லாபத்துக்கு 20% வரி; 12.5% என்பது வருஷம் தாண்டிய லாபத்துக்கு மட்டும். வருஷம் தாண்டிய லாபத்துக்கு ஒவ்வொரு நிதியாண்டும் கிடைக்கும் 1.25 லட்ச ரூபாய் வரி விலக்கும் அதற்குக் கிடையாது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஒரு ஃபோலியோவில் (ஃபண்டில் உங்கள் கணக்கு) முதலில் வாங்கிய யூனிட்டே (ஃபண்டின் ஒரு பங்கு) முதலில் விற்றதாகக் கணக்கு. அதனால் தொகையைப் போடாமல், வருஷம் தாண்டிய யூனிட் எண்ணிக்கையை மட்டும் போட்டு விற்கச் சொல்லுங்கள். அதிலும் லாபம் 1.25 லட்சத்தை மீறினால் பாதியை மார்ச்சில், மீதியை ஏப்ரலில் எடுங்கள். விலக்கு இரண்டு நிதியாண்டுக்கும் கிடைக்கும். மார்ச் 31 வரை இழுக்காதீர்கள்: பிற்பகல் 3 மணிக்குப் பிறகு கொடுத்தால் அடுத்த வேலைநாள் என்.ஏ.வி.தான் (யூனிட்டின் அன்றைய விலை); விற்பனை அடுத்த நிதியாண்டுக் கணக்கில் போய்விடும்.